ஒன்பதுகளுக்கு நடுவே ஓர் ஒன்று

முழங்கால், கண்புரை, சர்க்கரை என்று பேசிப் பேசி நமக்கெல்லாம் அலுத்துப் போய்விட்டது. சாயங்காலம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் வேறு பேச்சே இல்லை. ஒரு மாறுதலுக்கு இன்றைக்கு என் வயிற்றெரிச்சலைப் பற்றிச் சொல்கிறேன். மாத்திரை போட்டால் அடங்குகிற எரிச்சல் இல்லை இது. பத்து வயதில் ஆரம்பித்தது, இன்னும் அணையவில்லை. அதற்குக் காரணம் என் சித்தப்பா பெண். இன்னொரு காரணம் ஓர் எண்.

எண் 999919. எழுத்தில் சொன்னால் ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது. சொல்வதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்குகிறது. எனக்கு நினைத்தாலே வாங்கும்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான அந்தக் கோடை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நினைவில்லாதவர்கள் அப்போது கும்பகோணம் பக்கம் யார் வீட்டிலாவது மாம்பழம் தின்றுகொண்டிருந்திருப்பீர்கள். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் வரிசையாக வாசல் கதவுகளில் பூட்டு தொங்கியது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் பட்டப்பகலிலும் கூடத்தில் ஒரு மங்கல், பசை காய்ந்த புளிப்பு வாசனை. அப்பாவின் ஆபீஸ் பட்டணத்தை விட்டு நகரவில்லை. அதனால் நாங்களும் நகரவில்லை. தெருவில் மிஞ்சிய குழந்தைகள் இரண்டே பேர், நானும் அவளும்.

அவள் ரங்கூனிலிருந்து வந்தவள். அங்கே குண்டு விழ ஆரம்பித்ததும் சித்தப்பா, சித்தியையும் அவளையும் கப்பலேற்றிவிட்டுத் தான் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒரு துணி மூட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஒல்லி. காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி. அவளைப் பார்த்து எல்லோரும் உருகிப் போனார்கள். அம்மா என்னுடைய பச்சைப் பாவாடையை எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிச்சல் அங்கேதான் பற்றியது. ஆனால் அது சும்மா பாவாடை எரிச்சல். நிஜமானது பிறகு வந்தது.

தெரு காலியாவதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. டிராமிலிருந்து இறங்குகிறவர்கள் கீழே போடுகிற டிக்கெட்டுகளைப் பொறுக்கி வருவோம். மெல்லிய காகிதம், ஊதா மசி, கண்டக்டர் போட்ட ஓட்டை, கைவியர்வை நாற்றம். ஒவ்வொன்றிலும் ஒரு எண் அச்சடித்திருக்கும். அந்த எண்ணை 'உடைக்க' வேண்டும். அதாவது எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். உடைந்துவிட்டால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுவோம். எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் என்றால் அது 'கல்'. கல்லைக் கிழிக்கக் கூடாது. அதை வைத்திருப்பவளுக்குத்தான் மரியாதை.

தெருவில் அதிகக் கல் வைத்திருந்தவள் நான். ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தேன். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து மூன்றால் போகுமா என்று சொல்வேன். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்துப் பதினொன்றால் போகுமா என்று சொல்வேன். ஏழு, பதிமூன்று, பதினேழு எல்லாம் சிலேட்டில் போட்டுப் பார்ப்பேன். நாற்பத்தேழு வரைக்கும் போவேன். அதற்குமேல் போகிற பொறுமை எந்தப் பிள்ளைக்கும் இருந்ததில்லை. ஆகவே நாற்பத்தேழைத் தாண்டியது கல். இதுதான் எங்கள் தெருச் சட்டம்.

ஒரு மத்தியானம் அவள் என் டின்னைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பதாயிரத்து இருநூற்று மூன்று என்ற டிக்கெட்டைக் கையில் எடுத்தாள். நான் பெருமையாக, "அது கல்லுடி" என்றேன்.

"இல்லைக்கா. நூத்துத் தொண்ணூத்தேழு, நூத்துத் தொண்ணூத்தொம்பது" என்றாள்.

சிலேட்டை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது. சட்டப்படி அவள் டிக்கெட்டைக் கிழித்தாள். அடுத்ததை எடுத்தாள். கண்ணை லேசாகச் சுருக்கி அதைப் பார்த்தாள், ஏதோ இரண்டு எண் சொன்னாள், கிழித்தாள். சிலவற்றை மட்டும் பேசாமல் திரும்ப டின்னுக்குள் வைத்தாள். சாயங்காலம் அம்மா விளக்குமாறோடு வந்தபோது என் கற்களில் பாதிக்கு மேல் தூள். எனக்கு அவளைக் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது.

"யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லை. கப்பல்ல வேற என்ன வேலை? சுத்தி இருந்த மூட்டை, பெட்டி எல்லாத்துலயும் நம்பர் போட்டிருந்தது. அதை உடைச்சுண்டே வந்தேன். அப்போ அழுகை வராது."

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கப்பலில் வந்தால் எனக்கும் அப்படி வருமா என்றுதான் யோசித்தேன்.

இனி ஓர் உண்மையான கல் கிடைத்தால்தான் மானம் நிற்கும் என்று தினமும் லஸ் முனைக்குப் போய் நின்றேன். காலி டிராம்கள் காலியாக வந்து காலியாகப் போயின. பொறுக்க டிக்கெட்டே இல்லை. என்னைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்ட ஒரு கண்டக்டர் ஒருநாள் வண்டியிலிருந்து குனிந்தார்.

"இன்னா பாப்பா, டெய்லி வந்து நின்னுகினு கீற? ஊர்ல அல்லாரும் ஓடிப் போய்ட்டாங்கோ, எவன் டிக்கெட்டு போடுவான்? இந்தா, சீட்டாண்ட கெடந்துச்சு. அல்லாம் ஒம்போதா கீது பாரு. நடுவுல ஒரே ஒரு ஒண்ணு பூந்துகினு கீது."

வாங்கிப் பார்த்தேன். 999919. அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. ஒன்பதுகளின் கல்யாணக் கூட்டத்தில் ஒரு ஒன்று அழைப்பில்லாமல் வந்து நுழைந்த மாதிரி. அந்த ஒன்று யாரைப்போல் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பார்த்துவிட்டேன். இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தாறு, ஆக மூன்றால் போகாது. ஏழால் வகுத்தால் மீதி நாலு. பதினொன்றால் மீதி எட்டு. பதிமூன்றால் மீதி பதினொன்று. மனசு குதித்தது. ஆனால் இந்தத் தடவை நாற்பத்தேழோடு நிறுத்த நான் தயாராக இல்லை. எதுவரை போக வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஆயிரம் ஆயிரம் பத்து லட்சம். இதுவோ பத்து லட்சத்துக்கும் குறைவு. இது உடையுமானால் இரண்டு துண்டில் சின்னத் துண்டு கட்டாயம் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். ஆக, ஆயிரத்துக்குள் இருக்கிற கல் எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். இதை நானே கண்டுபிடித்தேன். எனக்கும் மூளை உண்டு என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

யுத்தத்தில் காகிதம் கிடைக்காத காலம். சிலேட்டில் இடம் போதாது. கூடத்துச் சிவப்புச் சிமெண்ட் தரையில் சாக்கட்டியால் வகுக்க ஆரம்பித்தேன். கிழக்குச் சுவரோரம் தொடங்கி, வரிசை வரிசையாக. முழங்காலில் சிமெண்ட் குளிர்ந்தது, மூக்கில் சாக்கட்டித் தூள் ஏறியது. அம்மா திட்டிக்கொண்டே என் கணக்கைத் தாண்டித் தாண்டிப் போனாள். சித்தப்பா பெண்ணிடம் மட்டும் எண்ணைக் காட்டவில்லை. டிக்கெட்டை ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்தேன்.

பெரியப்பா வந்தது அந்த வாரத்தில்தான். அப்பாவுக்கு அண்ணா. தியாகராய நகரில் சொந்த வீடு. ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரி. குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வெள்ளைக் கோட்டு, மூக்குப்பொடி வாசனை. கணக்கில் அவருக்கு ஒரே வேதம்தான்: "விடையை யார் வேணா சொல்லலாம். வழியைக் காட்டு." அவர் ஆபீசில் வழி காட்டாமல் சரியான விடை போட்டுக் கொண்டுவந்த குமாஸ்தாவைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். அதை அவரே பெருமையாகச் சொல்லுவார்.

தரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். குனிந்து இரண்டு வரிசை சரி பார்த்தார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு பெண்ணைத் தன்னோடு வைத்துக்கொண்டு காலேஜ் வரைக்கும் படிக்க வைக்கப் பெரியம்மா சம்மதித்துவிட்டாளாம். ஒரு பெண்தான். இரண்டு என்றால் அவளுக்கு முடியாது.

"ரெண்டு பேரும் இதை உடைச்சுப் பாருங்கோ. அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்" என்று டிக்கெட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் காற்று மாறிவிட்டது. அம்மா திட்டுவதை நிறுத்தினாள். எனக்கு மட்டும் தனியாக டம்ளரில் பால் வந்தது. சித்தி தினமும் அவளுக்கு எண்ணெய் தேய்த்து, இறுக்கிப் பின்னலிட்டு, "நீயும் போய்ப் போடேன்டி, சித்தே போடேன்" என்று கெஞ்சினாள். சித்தப்பாவிடமிருந்து தகவலே இல்லை. எங்கள் வீட்டில் அவர்கள் எத்தனை காலம் இருக்க முடியும் என்று சித்திக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. சித்தி அவள் தலையை வாருவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளோ டிக்கெட்டைக் கேட்கவே இல்லை. பெரியப்பா வாய்விட்டுப் படித்ததைக் கேட்டிருந்தாள், அவ்வளவுதான். முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தரையில் கல் தேடுகிறேன், அவள் அரிசியில் தேடுகிறாள் என்று அப்பா கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நான் முந்நூற்றைத் தாண்டியிருந்தேன். கூடம் முழுக்கச் சாக்கட்டி. ஊஞ்சலுக்கு அடியில்கூட எண்கள். பெரியப்பா சுவரோரமாகவே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன, உடைஞ்சுதா?"

"இன்னும் இல்லை பெரியப்பா. கல்லுன்னுதான் நினைக்கறேன்" என்றேன்.

"நீ?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு, ஆயிரத்து ஒம்பது" என்றாள்.

பெரியப்பா பென்சிலை எடுத்து அன்றைய பேப்பரின் ஓரத்தில் பெருக்கினார். ஒருமுறை பெருக்கிவிட்டு மறுபடியும் பெருக்கினார். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அம்மாவும் சித்தியும் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக நின்றார்கள்.

"சரியாத்தான் இருக்கு" என்றார். "வழி எங்கே?"

அவள் விழித்தாள்.

"எங்கே போட்டுப் பார்த்தே? சிலேட்டுல இருக்கா? தரையில இருக்கா?"

"போடலை. பார்த்தேன், தெரிஞ்சுது."

"பார்த்தா தெரியறதுக்கு இதென்ன சுவர்க் கடிகாரமா? யார் சொல்லிக் குடுத்தா, நிஜத்தைச் சொல்லு."

அவள் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதற்குமேல் என்ன சொல்லத் தெரியும்? பெரியப்பா சித்தியைப் பார்த்தார். ஊரை விட்டுப் போகாமல் மாடியில் குடியிருந்த காலேஜ் பையன் உதவி செய்தானா என்று கேட்டார். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது நான் கத்தினேன். நல்ல மனசால் கத்தவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். ஆத்திரத்தால் கத்தினேன். நான் முழங்கால் தேயத் தேய்த்த தரையை அவள் ஒரு கண் சுருக்கலில் வென்றுவிட்டாள். அந்தத் தோல்வியைக்கூட ஒரு காலேஜ் பையன் கணக்கில் எழுதி என்னைக் கேவலப்படுத்துகிறாரே என்று இருந்தது.

"யாரும் சொல்லித் தரலை! அவளேதான்! அவ எல்லாத்தையும் அப்படித்தான் உடைப்பா! என் டின்னையே காலி பண்ணிட்டா!" என்று அழுதேன்.

பெரியப்பா என்னை அருகில் இழுத்துத் தலையைத் தடவினார். மூக்குப்பொடி வாசனையோடு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பார்த்தேளா? தங்கையை விட்டுக் குடுக்க மாட்டேங்கறா. உழைப்பும் இருக்கு, குணமும் இருக்கு. இவதான்."

சித்தி உள்ளே போனாள். சிறிது நேரத்தில் பாத்திரச் சத்தம் மறுபடியும் கேட்டது. அம்மா ஈரத்துணி கொண்டுவந்து தரையைத் துடைத்தாள். டிக்கெட் பெரியப்பாவின் கோட்டுப் பையில் போய், கோட்டு வெளுப்புக்குப் போய், பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் ஒரு ஜட்கா வந்து நின்றது. என் டிரங்குப் பெட்டியை ஏற்றினார்கள். புதுப் பாவாடையில் நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் வாசலில் நின்றாள், என் பழைய பச்சைப் பாவாடையோடு. ஜெயித்தவள் நான். ஆனால் வண்டி நகர்ந்தபோது என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: எப்படித் தெரிந்தது இவளுக்கு?

அது தெரியச் சில வருஷங்கள் ஆயிற்று. தியாகராய நகர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதினார். ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்தால், அந்த இரண்டு எண்களின் கூட்டலையும் கழித்தலையும் பெருக்கினால் வருவதுதான் வரும். மற்றப் பெண்கள் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. 999919 பத்து லட்சத்துக்கு எண்பத்தொன்று குறைவு. பத்து லட்சம் ஆயிரத்தின் வர்க்கம். எண்பத்தொன்று ஒன்பதின் வர்க்கம். ஆயிரத்தில் ஒன்பதைக் கழித்தால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. கூட்டினால் ஆயிரத்து ஒன்பது. இவ்வளவுதான் 'வழி'. என் வழியில் போயிருந்தால் ஆயிரத்துக்குள் இருக்கும் கடைசிக் கல்லுக்கு முந்தின கல்லில் அது உடைந்திருக்கும். நான் கீழேயிருந்து ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தேன். அவள் மொட்டை மாடியில் நின்று பார்த்திருக்கிறாள். கரும்பலகை இல்லாமல், டீச்சர் இல்லாமல், முறத்தில் அரிசியோடு. வகுப்பில் உட்கார்ந்தபடியே எனக்கு வயிறு எரிந்தது.

அதற்குள் சித்தப்பா பர்மாவிலிருந்து நடந்து வருகிற வழியிலேயே போய்விட்டார் என்று தகவல் வந்துவிட்டிருந்தது. அவள் படிப்பு எட்டாவதோடு நின்றது. பதினாறு வயதில் மாம்பலத்தில் ஒரு பெரிய குடும்பத்துக்கு மருமகளாகப் போனாள். நான் காலேஜுக்குப் போனேன். கணக்கு டீச்சரானேன். ரிடையர் ஆகும்வரை ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் 999919 என்று எழுதி, உடையுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். எல்லோரும் ஏழு, பதினொன்று என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு நிம்மதியாக இருக்கும். ஒரே ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு எழுந்து விடையைச் சொன்னாள். வழி கேட்கவில்லை. தட்டிக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு வந்து காபிகூட இறங்கவில்லை.

போன தை மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் தலை வெள்ளை. அவள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அந்த டிக்கெட் ஞாபகம் இருக்காடி?"

"எந்த டிக்கெட்?"

எண்ணைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். "இல்லையேக்கா. பெரியப்பா கேட்டாரே, அதுவா? நம்பர் மறந்தே போச்சு."

நான் ஒரு ஆயுளை எரித்த எண் அவளுக்கு மறந்தே போயிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறக்கிற அளவுக்கு அவளிடம் எண்கள் கொட்டிக் கிடந்தனவா என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். பந்தல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ ஏறிண்டு போனியே, அந்த ஜட்கா நம்பர்தான் ஞாபகம் இருக்கு. பின்னாடி பலகையில எழுதியிருந்தது. ஆயிரத்து ஐநூத்துத் தொண்ணூத்தொண்ணு."

நான் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பலகையை நான் பார்க்கவே இல்லை.

"ஆயிரத்து அறுநூறுக்கு ஒம்பது குறைச்சல். முப்பத்தேழு, நாப்பத்திமூணு. வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள உடைஞ்சுடுத்து" என்றாள். "இன்னும் கொஞ்சம் பெரிய நம்பரா இருந்திருக்கப்படாதான்னு இருந்தது அக்கா."